கட்டியைத் தேடிச் செல்லும் மருந்து

மூளையைத் தாங்கி நிற்கும் எலும்புத் தளமே மண்டையோட்டின் அடிப்பகுதி. மூக்கின் பின்புறத்திலோ மேல்தாடையின் உள்ளறையிலோ தோன்றும் புற்றுநோய், முற்றிய நிலையில் இத்தளம் வரை பரவக்கூடும். பார்வை நரம்பும் முக்கிய இரத்தக்குழாய்களும் அருகிலேயே இருப்பதால், பலருக்குக் கட்டியை முழுவதுமாக அறுத்தெடுக்க இயலாது. "மருந்தைக் கட்டிக்கே நேராகச் செலுத்துவார்களாமே, அதற்காக நிலத்தை விற்கலாமா?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைக் கையிலுள்ள சிரை வழியே ஏற்றும்போது அது உடல் முழுவதும் பரவுகிறது. சிறுநீரகமும் செவியும் பாதிக்கப்படலாம் என்பதால் அளவை விருப்பம்போல் உயர்த்த முடியாது. 1990களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மருத்துவர் தாமஸ் ராபின்ஸ் குழுவினர் வேறு வழி கண்டனர். தொடையிடுக்கிலுள்ள தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே உதவியுடன் கட்டிக்கு இரத்தம் தரும் கிளை வரை கொண்டுசென்று மருந்தைச் செலுத்தினர். அதே வேளையில் சிரை வழியே ஏற்றிய சோடியம் தயோசல்பேட், உடலுக்குள் திரும்பும் மருந்தின் நச்சுத்தன்மையை முறித்தது. இதனால் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 150 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, 4 வாரங்கள் தர இயன்றது. கதிர்வீச்சும் உடன் அளிக்கப்பட்டது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 239 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து, 2010இல் வெளியான ஆய்வில், தமனி வழி மருந்து பெற்றோர் சிரை வழி பெற்றோரைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. சிறுநீரகப் பாதிப்பு மட்டும் குறைந்திருந்தது. ஒரு பக்கமாக வளரும் மேல்தாடை உள்ளறைப் புற்றுக்கு ஜப்பானிய மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வருகின்றனர். குழாய் செல்லும் வழியில் இரத்தம் உறைந்தால் பக்கவாதம் நேரலாம். மூளைக்குச் செல்லும் தமனியிலிருந்தே கட்டி இரத்தம் பெறுமானால், அவ்வழியே மருந்து செலுத்துவது ஆபத்தானது.

ஆகவே நிலத்தை விற்குமுன் மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கட்டிக்கு எந்தத் தமனி இரத்தம் தருகிறது? வழக்கமான கீமோதெரபியும் கதிர்வீச்சும் தருவதைவிட இது எங்களுக்கு என்ன கூடுதலாகத் தரும்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்? இச்சிகிச்சை எங்களிடம் இல்லை. வழக்கமான சிகிச்சையே பொருந்துமெனில், 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு உரிய அறிக்கைகளுடன் அனுப்பி வைக்கிறோம்.

எந்த மருந்தைவிடவும் வலியது, காலத்தே வருதல். ஒரு பக்க மூக்கடைப்பு, மூக்கில் இரத்தம், கன்னத்தில் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை ஆகியவற்றுள் ஏதேனும் மூன்று வாரம் நீடித்தால் காத்திராதீர்கள். பார்வையில் மாற்றம் தெரிந்தால் அன்றே வாருங்கள். நம்மூர்க் கோயிலின் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டே வாருங்கள். நம்பிக்கையை நாங்கள் தடுப்பதில்லை. பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.