பானைத் தண்ணீரும் மேல்காற்றும்

சித்திரை பிறந்துவிட்டால் நம் விடுதியில் தமிழ் மாணவர்கள் கூடுமிடத்தில் எல்லாம் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கும். தஞ்சை நண்பர் வெள்ளரிப் பிஞ்சில் தொடங்குவார். மதுரைக்காரர் ஜிகர்தண்டாவுக்கு ஈடு இணை கிடையாதென்று சாதிப்பார். சேலத்து அன்பர் மாம்பழ வகைகளை அடுக்குவார். என் ஊர் திருச்செந்தூர் வட்டத்தில், செந்நிறத் தேரி மணலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது; ஆகவே நான் நுங்கையும் பதநீரையும் பேசுவேன். வெளியே ‘லூ’ என்று தில்லிவாசிகள் சொல்லும் அனல்காற்று சன்னலை அறைந்துகொண்டிருக்கும்.

இப்படிப் பேசி ஏங்கிவிட்டுக் கலைந்து போவதில் எனக்கு மன நிறைவு ஏற்படுவதில்லை. பௌதிகம் படிக்கிறவனுக்குப் பழைய நினைவுகளையும் குடைந்து பார்க்கும் குணம் வந்துவிடுகிறது போலும்! பள்ளி நாட்களில் நாம் அனுபவித்த கோடைச் சுகங்களில் காசு கொடுத்து வாங்கியவை மிகக் குறைவு. அவை ஒவ்வொன்றும் எப்படி நம்மைக் குளிர்வித்தன என்று பார்த்தால் நல்ல விஞ்ஞானம் கிடைக்கிறது. அவற்றுள் ஒன்று, வேனிலில் உழைத்துப் பிழைக்கிறவர்களின் உயிரோடும் தொடர்புடையது. அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன்.

நான் படித்த தொடக்கப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பின் மூலையில் ஈர மணலைக் குவித்து அதன்மேல் ஒரு மண்பானை வைத்திருப்பார்கள். பித்தளைக் குவளை ஒன்று அதன் வாயில் கவிழ்ந்திருக்கும். உள்ளே ஒரு பிடி வெட்டிவேர். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் ஏப்ரல் மாதத்தில் அந்தப் பானைக்கு இருந்த மதிப்பு தலைமையாசிரியருக்குக்கூட இல்லை. ஆனால் ஒரு விந்தை! சில நாட்களில் அந்த நீர் பல் கூசும்படி குளிர்ந்திருக்கும். சில நாட்களில் வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். பானையும் அதுவே, மணலும் அதுவே, நீர் மொண்டு ஊற்றிய கிணறும் அதுவே. “டீச்சர், பானைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல” என்று பிள்ளைகள் முறையிடுவோம். டீச்சர் எழுந்து வாசலுக்குச் சென்று, வானத்தைப் பார்க்காமல் பனையோலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பார். “கடல் காத்துடா. மேல்காத்து திரும்பட்டும், ஆறிடும்” என்பார். அந்த விடையின் ஆழம் எனக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் புலப்பட்டது.

பானை குளிர்வது எவ்வாறு என்பது யாவரும் அறிந்ததே. சூளையில் மிதமான சூட்டில் வெந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. நீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்புறம் வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கிறது என்பதுதான் வியப்பு. ஒரு கிராம் நீரை ஒரு பாகை குளிர்விக்க ஒரு கலோரி வெளியேறினால் போதும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கோ ஏறத்தாழ 580 கலோரி தேவை. பத்து லிட்டர் நீரைப் பத்துப் பாகை குளிர்விக்க வேண்டுமானால் 1,00,000 கலோரி போகவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 170 கிராம் நீர் ஆவியானால் போதும்! ஒரு தம்ளர் நீரைக் காற்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் குளிர்ந்துவிடுகிறது. சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் திரும்பத் திரும்ப உள்ளே புகுவதால் உண்மையில் இன்னும் சற்று மிகுதியாகச் செலவாகும்.

இதிலிருந்தே வேறு சில செய்திகளும் விளங்கும். பானைக்கு வண்ணம் பூசினால் துளைகள் அடைபட்டுவிடும். உப்பு மிகுந்த நீரை நெடுநாள் ஊற்றினாலும் துளைகளில் உப்புப் படிந்து பானை ‘கிழடு தட்டி’விடும். எங்கள் பக்கத்தில் கோடைக்குக் கோடை புதுப்பானை வாங்குவது வெறும் சம்பிரதாயமன்று.

இனி காற்றின் கதைக்கு வருவோம். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்: கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கே கோடை. மேற்குக் காற்றுக்கும் வேனிற்காலத்துக்கும் ஒரே பெயர்! மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று ஈரத்தை மலைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு வறண்டு வருகிறது. தேரி மணலை வாரி முகத்தில் இறைக்கும். ஆயினும் பானைக்கு அது தோழன். வறண்ட காற்று நீராவியை ஆவலோடு ஏற்றுக்கொள்ளும். கடற்காற்றோ முன்பே வயிறு நிரம்பி வருகிறது. அதற்கு மேலும் நீராவியை ஏற்க அதில் இடமில்லை. ஆகவே பானையின் மேற்புறம் நனைந்து ஒழுகிக்கொண்டிருக்கும். உள்ளே நீர் மட்டும் ஆறாது.

ஒரு காற்றில் நீரை ஆவியாக்கி எந்த அளவுக்குக் குளிர்விக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறோம். தில்லியில் மே மாதத்து நண்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெப்பம் 42 பாகை, ஈரப்பதம் 15 விழுக்காடு. ஈரக்குமிழ் 22 பாகையில் நிற்கும். எங்கள் கடற்கரையில் 35 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஈரக்குமிழ் 29 பாகைக்குக் கீழே இறங்காது. தில்லிப் பானை 20 பாகை குளிரலாம். எங்கள் பானைக்கு 6 பாகைதான் விதித்தது.

நமது விடுதித் தாழ்வாரத்தில் உறுமிக்கொண்டிருக்கும் தகரக் கூலரும் இந்தப் பானையின் ஒன்றுவிட்ட தம்பிதான். அதன் பக்கங்களில் ‘கஸ்’ என்று அடைத்து விற்கிறார்களே, அது நம்முடைய வெட்டிவேரே! முதன்முதலில் அதன்மேல் நீர் விழுந்து மணம் எழுந்தபோது எனக்கு ஐந்தாம் வகுப்பு மூலை கண்முன் நின்றது. மே மாதத்தில் அமிர்தமாக இருக்கும் அந்தக் கூலர், ஜூலையில் மழைக்காற்று வந்ததும் வெறும் இரைச்சலாகிவிடுவதை நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். பழுது பார்க்கிறவரை அழைத்துப் பயனில்லை. காற்றின் வயிறு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

நுங்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஊரில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். நுங்கு என்பது பனையின் முற்றாத விதை. இளநீரும் வழுக்கையும் தென்னைக்கு எப்படியோ, அப்படி இது பனைக்கு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்கள். ஆண்பனை வேறு, பெண்பனை வேறாதலால் பாதி மரங்களில் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. விடியற்காலையில் வெட்டிய குலை இரவின் குளிர்ச்சியைத் தடித்த நார் மட்டைக்குள் பொத்தி வைத்திருக்கும். நார் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பெருவிரலால் கண்ணைத் தோண்டி உறிஞ்சிய பின், இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி தயார். மே மாதம் முழுவதும் எங்கள் தெருவில் ஓடிய வாகனம் அதுவே. பதநீரில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பின் காரத்தில் நொதி பெருகாது. தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் அது கள்ளாகிவிடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்லதே. ஆனால் ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! எங்கள் தெருவில் பனையேறியவர்களின் பிள்ளைகளில் ஒருவர்கூட இன்று ஏறுவதில்லை. நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன்.

மாலையில் மணியடித்துக்கொண்டு வருகிற குல்பிக்காரரின் பானை வேறு வகை. அதில் ஆவியாதல் இல்லை. பனிக்கட்டியும் கல்லுப்பும் கலந்த குழம்புக்குள் தகரக் குழல்கள் நிற்கும். பனிக்கட்டி மட்டும் இருந்தால் வெப்பம் 0 பாகை. சர்க்கரை கலந்த பால் அந்தக் குளிரில் உறையாது. உப்பைச் சேர்த்தால் நீர் மீண்டும் உறைவது தடைப்படுகிறது. கட்டியோ கரைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கிராம் கட்டியும் உருக 80 கலோரி வேண்டும். வெளியிலிருந்து அவ்வளவு விரைவில் கிடைக்காததால் தன்னிடமிருந்தும் பாலிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. மூன்று பங்கு கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில், கலவை 0-க்குக் கீழே 20 பாகை வரையில்கூட இறங்கக்கூடும். அந்தக் குழம்பில் ஒரு பிடி வாங்கி, யார் நெடுநேரம் உள்ளங்கையில் வைத்திருப்பது என்று பந்தயம் கட்டுவோம். பத்து எண்ணுவதற்குள் அலறிவிடுவோம். தோலைப் புண்ணாக்கும் விளையாட்டு அது. தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அந்தக் கல்லுப்பை அள்ளியவர்களில் என் அத்தையும் ஒருவர். எங்கள் ஊருக்குக் கிழக்கே உப்பளங்கள் வானம் தொடும்வரை வெளுத்துக் கிடக்கும். அத்தை இருபது ஆண்டுகளாக அங்கே தலைச்சுமை தூக்குகிறார். இரவு மூன்று மணிக்கு எழுந்து, விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் முறுகுமுன் கரையேற வேண்டும். ஆனால் லாரி காத்திருக்கும் நாட்களில் நண்பகல் ஆகிவிடும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. மேல்காற்று வீசும் நாட்களில், வெயில் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், களைப்போடு வந்து கஞ்சி குடித்துப் படுப்பார். கடற்காற்று நின்று புழுங்கும் நாட்களிலோ தலை சுற்றி, வாந்தியெடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். அன்றைக்கு வெப்பமானி குறைவாகத்தான் காட்டியிருக்கும்!

காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். மனித உடலும் ஒரு மண்பானையே. தோலின் துளைகளில் வியர்வை கசிகிறது. அது ஆவியானால் உடல் குளிர்கிறது. ஆவியாகாமல் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் யாதொரு பயனும் இல்லை. நீரும் உப்பும் நட்டமானதுதான் மிச்சம். ஈரக்குமிழ் 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமானவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று 2010-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவின் பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். இலேசான வேலை செய்யும்போதே, ஈரக்காற்றில் ஏறத்தாழ 31 பாகையில் உடலின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியதை 2022-இல் வெளியிட்டார்கள். 29 பாகையில் தலையில் உப்புச் சுமையோடு நடக்கும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கு எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கடற்கரை நிலையங்களில் வெப்பம் 37 பாகையை எட்டி, இயல்பைவிட 4.5 பாகையாவது மிகுந்திருந்தால் வெப்ப அலை என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு நிதியுதவிக்கும் வழி செய்தது. பாராட்டத் தக்க செயல். எனினும் 35 பாகையும் 65 விழுக்காடு ஈரமும் உள்ள நாள் இந்த அளவுகோலில் அகப்படுவதில்லை. அது வெப்ப அலையன்று. வெறும் புழுக்கமான நாள். அளவுகோலில் ஈரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரையில் அளங்களில், செங்கற்சூளைகளில், சாலை போடும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு, ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்வதோடு நிறுத்தலாகாது. புழுங்கும் நாளில் குடித்த நீர் வியர்வையாக வழிந்துவிடும், உடலை ஆற்றாது. அன்றைக்கு வேண்டியவை நிழல், ஓய்வு, காற்றோட்டம், குளிர்ந்த நீரை உடலின்மேல் ஊற்றுதல். தலைசுற்றலும் குழப்பமான பேச்சும் கண்டால் உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுவதும் நனைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கிப் போகலாம், செலவு பெரிதாகாது. ஒன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, நிழலில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டின் வேறுபாடு குறையக் குறைய எச்சரிக்கை மிகவேண்டும். சென்ற ஆண்டு நான் அத்தை வீட்டுத் திண்ணையில் இப்படி ஒன்றை அமைத்துவிட்டு வந்தேன். தொலைபேசியில் அதைப் பற்றிக் கேட்டால், “அது தொங்குதுய்யா, நல்லாத்தான் இருக்கு” என்கிறார். ஆனால் மூன்று மணிக்கு எழுந்ததும் முதலில் பானைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாராம். நீர் ஆறாதிருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்களையும் தட்டியெழுப்பி, இன்னும் அரைமணி முன்னதாகவே அளத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள்.