கெலவரப்பள்ளியிலிருந்து பெங்களூர் கல்லூரிக்கு: உதவித்தொகையை எந்த அரசு தரும்?

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குச் சென்னையைவிடப் பெங்களூர் பக்கம். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் வழிநெடுகக் கல்லூரிகள். ஆனால், 'எல்லை தாண்டிச் சேர்ந்தால் எஸ்சி உதவித்தொகை போய்விடுமோ?' என்ற பயத்தில் நல்ல இடத்தைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

பணம் தருவது யார்?

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் அப்போது உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அதற்காக வாதாடினார். இன்று செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநிலத்துடையது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே உதவித்தொகையைத் தர வேண்டும் என்பது விதி. கல்லூரி எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. ஆக, கெலவரப்பள்ளி மாணவி பெங்களூரில் படித்தாலும் பொறுப்பு தமிழ்நாட்டுடையது. அவர் அணுக வேண்டிய இடம் கிருஷ்ணகிரி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம்.

இட ஒதுக்கீடும் கூடவே வருமா?

வராது. அரசியல் சட்டத்தின் 341-ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுக்கிறது. உதாரணமாக, கர்நாடகத்தில் போவி சமூகம் பட்டியல் சாதி. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இணையான போயர், ஒட்டர் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். குடிபெயர்ந்தவர் சொந்த மாநிலத்து அந்தஸ்தைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. கர்நாடக அரசின் ஒதுக்கீட்டு இடம் தமிழ்நாட்டு மாணவிக்குக் கிடைக்காது. ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் மட்டும் எந்த மாநிலச் சான்றிதழும் செல்லும். ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல் மேனேஜ்மென்ட் கோட்டா. அதில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை. புரோக்கர் 'எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் கழிந்துவிடும்' என்று சொன்னால், அது எந்த ஒதுக்கீட்டு இடம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, பெயர். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் அப்பா பெயர் ஆதாரில் 'முனியப்பா', மதிப்பெண் சான்றில் 'முனியப்பன்', சாதிச் சான்றில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்து மாறினாலே விண்ணப்பம் நின்றுபோகும். ஜூன் வரை காத்திருக்காமல், கோடை விடுமுறையிலேயே சரிசெய்துவிடுங்கள். வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்து வையுங்கள், பணம் அந்தக் கணக்கில்தான் நேரடியாக விழும்.

மூன்றாவது, கட்டணம். கல்லூரி சேர்க்கை நாளிலேயே கேட்கிறது, அரசுப் பணமோ பல மாதம் கழித்து வருகிறது. இந்த இடைவெளியில் வட்டிக்கு வாங்கும் பெற்றோர் உண்டு. இதைத் தவிர்க்கவே, முன்பணம் கட்டாமல் சேர உதவும் 'ஃப்ரீஷிப் கார்டு' மத்திய அரசின் 2021 நெறிமுறைகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சாதி பார்த்துக் கொடுப்பது சமத்துவமா?

இதே கேள்வியை அமெரிக்காவும் இனத்தை வைத்துக் கேட்கிறது. கறுப்பினத்தவருக்குப் பிற கல்லூரிகள் கதவடைத்த காலத்தில் அவர்களுக்கென எழுந்த கல்லூரிகள் இன்றும் அங்கே சுமார் 100 இருக்கின்றன. 1867-இல் தொடங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. இப்போது அவற்றில் எந்த இனத்தவரும் சேரலாம். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வெள்ளையர்களே அதிகம். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்த பிறகு, இனத்தை வைத்துத் தரும் உதவித்தொகைகளும் வழக்குகளைச் சந்திக்கின்றன.

நம் நாட்டில் அந்தக் கேள்வி 1951-இலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது, அதுவும் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி ஆணையை அந்த நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. தலைமுறைகளாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் அது சமத்துவம் ஆகாது.

அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்ப எண்ணை வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நீங்கள் கேட்பது தயவு அல்ல, சட்டம் கொடுத்த உரிமை.