கடிதங்கள் தொலையவில்லை, கோப்புத்தான் பூட்டியிருக்கிறது

சட்டத்தரணியின் கடிதம், அகதி விசாரணைத் திகதி, ஊரிலுள்ள உறவுகளுக்கான ஸ்பொன்சர் விண்ணப்பத்தின் பதில், பாடசாலை அறிவித்தல் என எமக்கு வேண்டிய பலவும் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. வோபர்னில் குடியிருக்கும் எம்மவர் வீடுகளில் ஒரே கணனியைப் பெற்றோரும் பிள்ளைகளும் பாவிப்பதும் உண்டு. ஒருநாள் அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ திறந்தால், கோப்பைத் திறக்க அனுமதியில்லை என்று ஓர் அறிவித்தல் வந்து நிற்கும். அந்த நேரம் பதறி எதையும் அழித்துவிடக் கூடாது என்பதே நாம் முதலில் சொல்ல விரும்புவது.

அவுட்லுக் பல வேளைகளில் எமது கடிதங்களைப் பி.எஸ்.ரி என முடியும் ஒரு கோப்புக்குள் அடுக்கி வைக்கிறது. தண்டர்பேர்ட் புரோபைல் என்ற கோப்புறைக்குள் வைக்கிறது. பெட்டகம் திறபடவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல.

முதலில், கைத்தொலைபேசியிலோ வேறொரு கணனியிலோ உங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குச் சென்று பாருங்கள். மார்க்கம் வீதியில், லோரன்ஸ் சந்திக்கு அருகேயுள்ள சீடர்பிரே நூலகத்திலும் கணனிகள் உண்டு. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறவாதீர்கள். ஐமாப் முறையில் இணைத்திருந்தால் கடிதங்கள் அங்கே இருக்கும். பொப் முறையென்றால் அவை வீட்டுக் கணனியில் மட்டுமே இருக்கக்கூடும். அப்படியானால் மென்பொருளை மூடிவிட்டு, அந்தக் கோப்பை ஒரு யூ.எஸ்.பியில் பிரதியெடுங்கள். திருத்த வேலை அதன் பிறகுதான்.

இனிக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கோப்பு ஏற்கெனவே பாவனையில் இருக்கலாம். மூடிய மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். கணனியை நிறுத்தி மீண்டும் தொடக்குங்கள். பல வேளைகளில் இதுவே போதும்.

2. பழைய கணனியின் வன்தட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பு பழைய கணக்கின் பெயரிலேயே இருக்கும். பிரதியெடுக்கவும் விடாது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, புரோப்பர்ட்டீஸ், செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று சென்று, ஓனர் என்ற இடத்தில் உங்கள் கணக்கை இடுங்கள். பின்னர் அதே செக்கியூரிட்டிப் பகுதியில் அந்தக் கணக்குக்கு முழு அனுமதியும் கொடுங்கள்.

3. பி.எஸ்.ரி கோப்பு வன்ட்ரைவ் கோப்புறைக்குள் இருந்தால், இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்புக்காக இழுபறிப்படும். அவுட்லுக்கை மூடிவிட்டு, கோப்பை வன்ட்ரைவுக்கு வெளியே மாற்றி, புதிய இடத்தை அவுட்லுக்குக்குக் காட்டுங்கள்.

4. கோப்பு அளவுமீறிப் பெருத்திருக்கலாம். அவுட்லுக் 2002 வரையான பதிப்புகளில் எல்லை 2 ஜிபி. 2003, 2007 பதிப்புகளில் வழமையான எல்லை 20 ஜிபி. 2010 முதல் அது 50 ஜிபி. பழைய கடிதங்களை இன்னொரு கோப்புக்கு மாற்றினால் இடம் கிடைக்கும்.

5. மின்சாரம் திடீரென நின்று கோப்பு பழுதடைந்திருக்கலாம். அவுட்லுக்குடன் வரும் ஸ்கான்பி.எஸ்.ரி என்ற கருவி அதைத் திருத்தும். அதை ஓடவிடுமுன் பிரதி கையில் இருக்க வேண்டும்.

கணனியில் பழுது என்று தாமாகவே தொலைபேசியில் அழைப்பவர்களை நம்பாதீர்கள். மைக்ரோசொப்ட் அப்படி அழைப்பதில்லை. கடவுச்சொல்லை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று மிக முக்கியம். திறக்க முடியாத கடிதத்தில் விசாரணைத் திகதியோ பதிலளிக்க வேண்டிய கெடுவோ இருந்தால், கணனி திருந்தும்வரை காத்திராதீர்கள். அன்றே சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்து, கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கணனி பழுது என்பதற்காகக் கெடு தள்ளிப்போகாது.

இப்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா? அப்படியானால் இந்த வார இறுதியிலேயே முக்கியமான கடிதங்களை அச்சிட்டு ஓர் உறையில் வையுங்கள். மாதமொருமுறை அந்தக் கோப்பை யூ.எஸ்.பியில் பிரதியெடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஊரில் இடம்பெயரும்போது அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் கட்டி எடுத்துவந்தவர்கள் நாம். அதே கவனம் இந்தக் கோப்புக்கும் வேண்டும்.