நூறு கிராமா, நூறு மில்லியா?

போன தைப்பூசத்துக்குத் தேனும் தினைமாவும் சேர்த்து உருண்டை பிடிக்க உட்கார்ந்தேன். இருபது உருண்டைக்கான குறிப்பு. ‘தேன் 100 கிராம்’ என்றிருந்தது. அளவுக் கோப்பையில் 100 என்ற கோடு வரை ஊற்றினேன். மாவு உருண்டைக்கு வரவில்லை. களிபோலக் குழைந்து கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிறகுதான் கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கோடு மில்லிக்கு. நான் ஊற்றியிருந்தது 142 கிராம்.

தண்ணீரில் 100 மில்லி என்றால் 100 கிராம். பாலிலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் தேனையும் ஊற்றிவிடுகிறோம். தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. தண்ணீர் 17, 18 பங்குதான். அதனால் ஒரு மில்லி தேன் சுமார் 1.42 கிராம் கனக்கும். ஈரம் கூடுதலாக உள்ள தேன் கொஞ்சம் லேசாக இருக்கும். ஆனாலும் மனக்கணக்குக்கு 1.4 போதும். மில்லியைக் கிராமாக்க 1.4ஆல் பெருக்க வேண்டும். கிராமை மில்லியாக்க வகுக்க வேண்டும்.

அடுப்படிக் கணக்கு

டீஸ்பூன் (5 மில்லி): 7 கிராம்
டேபிள்ஸ்பூன் (15 மில்லி): 21 கிராம்
அமெரிக்கக் கப் (சுமார் 240 மில்லி): 340 கிராம்
நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 250 மில்லி கப்: 355 கிராம்

100 கிராம் தேன் வேண்டுமா? நான்கு டேபிள்ஸ்பூன், இரண்டு டீஸ்பூன். தேனை எடுக்கும் முன் கரண்டியில் எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாமல் வழுக்கி விழும்.

கேக்கில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பவர்கள் கப்புக்குக் கப் மாற்றக் கூடாது. ஒரு கப் சர்க்கரை 200 கிராம்தான். அதற்கு முக்கால் கப் தேன் போதும். தேனிலேயே தண்ணீர் இருப்பதால் பாலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். தேன் சீக்கிரம் சிவந்துவிடும். அவன் சூட்டையும் 15 டிகிரி குறைப்பது நல்லது.

தேன் வாங்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். ஒரு கடையில் கிலோ 500 ரூபாய், இன்னொன்றில் லிட்டர் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடை மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு லிட்டர் தேன் 1,420 கிராம். அப்படியானால் இரண்டாவது கடையில் கிலோ சுமார் 423 ரூபாய்தான்! அதேபோல, 750 மில்லி பாட்டிலில் ஒரு கிலோ தேன் ஊற்றினால் கழுத்துவரை நிறையாது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கிலோவுக்குச் சுமார் 700 மில்லி இடமே போதும்.

வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் கோப்பையே தேவையில்லை. தேன் பாட்டிலைத் திறந்து தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, கரண்டியால் அள்ளிக்கொண்டே வாருங்கள். மைனஸ் 100 காட்டும்போது நிறுத்தினால் சரியாக 100 கிராம்.

அன்று என்னிடம் தராசு இல்லை. பதம் வரும்வரை தினையை வறுத்து அரைத்துச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 28 உருண்டை. இருபதை 1.4ஆல் பெருக்கிப் பாருங்கள்!