நிலத்தடியில் ஓர் ஊர்

ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்பும் மாணவனை மூன்று வினாக்களைக் கேட்கும்படி நான் தூண்டுவதுண்டு. அங்குள்ள மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? எவ்வாறு குடியிருக்கிறார்கள்? அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது? இவற்றுக்கு விடை கிடைத்தால் அவ்வூரின் நிலைமை பெரும்பாலும் விளங்கிவிடும். தென் ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் உள்ள கூபர் பீடி என்னும் சிற்றூரை இம்முறையில் ஆராய்வோம்.

அடிலெயிட் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் இருக்கிறது. மழை மிகக் குறைவு; மரங்கள் அரிது. கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடப்பது வழக்கம். இத்தகைய இடத்தை மனிதர் நாடியதற்குக் காரணம் ஓப்பல் என்னும் மணிக்கல். 1915ஆம் ஆண்டில், பொன் தேடி வந்த குழுவினருடன் இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் வில்லி ஹட்சிசன் அதனை இங்கே கண்டெடுத்தான். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்களும், இரண்டாம் போருக்குப் பின் கிரீஸ், இத்தாலி, யுகோஸ்லாவியா முதலிய நாட்டினரும் தொடர்ந்து வந்தனர். ஆயினும் இது ஆளில்லாத நிலமாக இருந்ததன்று. பழங்குடியினரான அன்டாகிரிஞ்சா மாட்டு யாங்குனிச்சாச்சாரா மக்களின் நில உரிமையை 2011இல் நீதிமன்றம் ஏற்றது. 'வெள்ளையரின் குழி' எனப் பொருள் கூறப்படும் ஊர்ப்பெயரும் பழங்குடியினர் மொழியிலிருந்து வந்ததே.

இனி வீட்டைக் காண்போம். மக்களுள் பலர் குன்றின் பக்கவாட்டில் குடைந்த அறைகளில் வாழ்கின்றனர். மண்ணும் கல்லும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகின்றன. ஆதலின் வெளியே பகல் எரித்தாலும், குளிர்கால இரவு நடுக்கினாலும், உள்ளே ஏறத்தாழ 23 பாகை வெப்பமே நிலவும். வீட்டைக் குளிர்விக்கும் எந்திரம் தேவைப்படுவதில்லை. கோயில்களும் விடுதிகளும்கூட இவ்வாறே குடையப்பட்டுள்ளன.

வீட்டின் குறையை மண் தீர்த்தது; தண்ணீரின் குறையை அது தீர்க்கவில்லை. ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்றில் எடுக்கும் நீர் உவர்நீர். அதனைக் குழாய்வழிக் கொணர்ந்து, உப்பு நீக்கிய பிறகே பருக இயலும். மின்சாரமும் நாட்டின் பொது மின்தொடரிலிருந்து வருவதில்லை, ஊரிலேயே ஆக்கப்படுகிறது. முன்பு டீசலையே நம்பியிருந்த ஊரில், 2017இல் காற்றாலைகளும் சூரிய மின்கலங்களும் சேர்ந்து அப்பெருஞ்செலவைக் குறைக்க முற்பட்டன.

இங்கேதான் மக்கள் தொகையின் பொருள் நமக்குப் புலனாகிறது. 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஊர் மக்கள் ஏறத்தாழ 1,500 பேரே. ஆள் குறைந்தது என்பதற்காகக் குழாய்க்கும் எந்திரத்துக்கும் ஆகும் செலவு அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. நெடுங்காலம் ஊர் மன்றமே நீரையும் மின்சாரத்தையும் நடத்தி வந்தது. 2019 ஜனவரியில், கடன் சுமையும் நிர்வாகக் குறைகளும் மலிந்த நிலையில், மாநில அரசு அம்மன்றத்தை நிறுத்திவைத்து நிர்வாகி ஒருவரை அமர்த்தியது.

மணிக்கல் ஓர் ஊரைத் தோற்றுவிக்கலாம். அதனை நிலைக்கச் செய்வது, தங்கியிருக்கும் சிலருக்காகச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய சமுதாயமே. நேயர்கள் தத்தம் ஊரில் குழாயைத் திறக்கும்போது, அதன் செலவை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.