உங்களுக்குத் தெரியுமா? மலைக்காற்றும் டர்போவும்

குண்டசாலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண என்ஜினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடப்பதும் நுவரெலியாவின் இந்த மெல்லிய காற்றில்தான்.

ஆனால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறும். எரிபொருள் கலவை தாறுமாறாக வெடித்து என்ஜின் நொக் அடிக்கத் தொடங்கினால், வார்ப்புப் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய விளிம்பு உடைந்துபோகலாம். அதனால்தான் ஃபோர்ஜ் செய்த பிஸ்டனும் கனெக்டிங் ரொட்டும் போடுகிறார்கள். அத்தகைய பிஸ்டன்களில் பல சூட்டில் கூடுதலாக விரியும். அதற்கெனப் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இடைவெளி சற்று அதிகம் விடுவதால், குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று கேட்கும், சூடேறியதும் அடங்கும். உள்பாகங்களை மாற்றாமல் பூஸ்ட்டை மட்டும் கூட்டாதீர்கள். நொக்கைத் தவிர்க்கப் பெற்றோலும் 92 வேண்டாம், 95 ஒக்டேனே போடுங்கள்.