இங்கிலாந்தின் கிராம நர்த்தனங்கள்

1899-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த ஹெடிங்டனில் தம் மாமியார் வீட்டில் தங்கியிருந்த ஸெஸில் ஷார்ப் என்ற சங்கீத ஆசிரியர், கடுங்குளிரால் கட்டட வேலை நின்றுபோகவே கைக்காசுக்காகப் பருவமல்லாத காலத்தில் ஆட வந்த தொழிலாளிகள் சிலர், வெள்ளுடை தரித்து, முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டித் துள்ளுவதைக் கண்டார். அவர்களுக்குக் கான்ஸர்ட்டினா வாசித்த வில்லியம் கிம்பரை மறுநாளே வரவழைத்து மெட்டுக்களை எழுதிக்கொண்டார். 1911-இல் ஆங்கில நாட்டு நடனச் சங்கத்தை ஸ்தாபித்தவரும் ஷார்ப்பே.

அவர்கள் ஆடியது மாரிஸ் என்னும் நடனம். இது கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட பலிச் சடங்குகளின் எச்சம் என்று அக்காலப் பண்டிதர் பலர் நம்பினர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்போ, 1448-இல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தார் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்குதான். ஆகையால், பலிபீடத்தைத் தேடுவதைவிட, ஆடுகிறவர் காலிலும் கையிலும் என்ன இருக்கிறதென்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

காட்ஸ்வோல்ட் குன்றுப் பிரதேசத்தில் அறுவர் இரு வரிசையாக நின்று, கைக்குட்டைகளை வீசியோ கழிகளை மோதியோ ஆடுகின்றனர். ஊருக்கு ஊர் அடிவைப்பு மாறும். பஞ்சாலைகள் மலிந்த லாங்காஷயரிலோ, ஆலைத் தொழிலாளர் அணிந்த, லாடம் தைத்த மரஅடிச் செருப்பே நடனத்துக்கும் காலணியாயிற்று. தேவாலயத் தரையில் பரப்பக் கோரை ஏற்றிச் சென்ற வண்டியோடு ஊர்வலமாக ஆடிய வழக்கமாதலின், அங்கே துள்ளலைவிட அணிவகுப்பும், வீதியில் எழும் தாள ஒலியுமே பிரதானம்.

எல்லாவற்றினும் அபூர்வமாக எனக்குத் தோன்றுவது, நார்தம்பர்லாந்து, டர்ஹாம் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ராப்பர் என்னும் வாள் நடனம். வாள் என்று பெயரே தவிர, அதற்குக் கூர்மை கிடையாது. இரு முனையிலும் பிடி வைத்த, வளையும் எஃகுத் தகடு அது. ஒரு பிடி மட்டும் சுழலும். ஐவர், தத்தம் வாளின் ஒரு பிடியையும் அடுத்தவர் வாளின் மறு பிடியையும் பற்றிச் சங்கிலியாகப் பிணைந்து, கைவிடாமலே வாள்களுக்கு அடியில் நுழைந்தும், மேலே தாண்டியும், முதுகு காட்டித் திரும்பியும், அதிவேகமாக அடிதட்டிச் சுழன்று, முடிவில் ஐந்து தகடுகளையும் நட்சத்திரமாகப் பின்னிவிட, ஒருவர் அதை ஒற்றைக் கையால் உயர்த்திக் காட்டுகிறார். தகடு வளையாவிடில் இத்தனை நெருக்கம் கைகூடாது. யார்க்ஷயரில் ஆறு அல்லது எட்டுப் பேர் விறைத்த நீண்ட வாள்களோடு ஆடும் நடனம் நிதானமாக, அகன்ற வட்டமாக நிகழ்வதற்கு அதுவே காரணம். ராப்பருக்கோ மதுக்கடை மேஜைகளுக்கு நடுவிலுள்ள சிறு இடமே போதும்.